கோணங்கி எழுத்துருவை வேலை வாங்குவது எப்படி

ராயப்பேட்டையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஃபிளெக்ஸ் கேட்டாலும் சரி, ஸ்டிக்கர் கேட்டாலும் சரி, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாலும் சரி, முதலில் சொல்வது ஒன்றுதான்: "மேடம், எழுத்து கொஞ்சம் டிசைனா இருக்கணும்." டிசைனா என்றால் எப்படி என்று கேட்டால் கையைக் காற்றில் வளைத்துக் காட்டுவார்கள். குண்டெழுத்து, துள்ளுகிற எழுத்து, வால் நீண்ட எழுத்து, புள்ளிக்குப் பதில் இதயம் வைத்த எழுத்து எல்லாம் அந்த வளைவுக்குள் அடக்கம். தொழிலில் இதை டிஸ்ப்ளே ஃபான்ட் என்பார்கள். நான் கோணங்கி எழுத்து என்பேன்.

புதிதாக டிசைன் கற்றுக்கொள்பவர்களுக்கும், சொந்தக் கடைக்கு போர்டு வைக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான். ஃபான்டைப் பார்த்து மயங்காமல், எழுதப்போகிற பெயரை அதில் அடித்துப் பாருங்கள். ஒரு பெயருக்குப் பொருந்திய ஃபான்ட் அடுத்த பெயருக்குக் காலை வாரிவிடும்.

இந்த வகை எழுத்தின் குணம் புரிய ஒரு ஆங்கில ஃபான்டிலிருந்து தொடங்கலாம். ஹோபோ என்று பெயர். 1910-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்தது. அதில் நேர்க்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே இறங்குகிற வாலும் கிடையாது. சின்ன ஜி, பி, ஒய் எல்லாம் காலை மடக்கிக்கொண்டு கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம், இருக்கிற உயரத்தில் எழுத்தைப் பெரிதாகவும் போடலாம். ஏதோ ஒரு விசித்திரத்தை எடுத்துக்கொண்டு அதை எல்லா எழுத்திலும் விடாப்பிடியாகச் செய்வதுதான் நல்ல கோணங்கி ஃபான்டுக்கு அடையாளம். ஒரு எழுத்தில் வால், இன்னொன்றில் பூ, மூன்றாவதில் நிழல் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அந்த ஃபான்டை மூடிவிடுங்கள்.

ஹோபோவின் வித்தை தமிழில் செல்லாது. கு, சூ, ழு, று, ஞ எல்லாம் கீழே இறங்கியே தீரும். கி, கீ மேலே ஏறியே தீரும். அதனால் தமிழ்க் கோணங்கி தன் சேட்டையைச் சுழியில், கொம்பில், புள்ளியில், கோட்டின் தடிமனில்தான் காட்டும். நாம் உற்றுப் பார்க்க வேண்டியதும் அங்கேதான்.

ஃபான்ட் செய்கிறவர்கள் மாதிரிக்குக் காட்டும் சொற்கள் எல்லாம் அழகாக விழுகிற சொற்கள். 'அம்மா', 'தமிழ்', 'வணக்கம்' எந்த ஃபான்டிலும் லட்சணமாகத்தான் இருக்கும். நான் சோதிப்பது சென்னைப் பேட்டைப் பெயர்களை வைத்து. இதற்கென்றே ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். புது ஃபான்ட் வந்தால் முதலில் அதைத்தான் அதில் போடுவேன்.

தீவுத்திடல் முதல் பெயர். அதில் தீயும் இருக்கிறது, தியும் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் மேலே இருக்கிற ஒரு சின்னச் சுழி மட்டும்தான். குண்டு ஃபான்டில் அந்தச் சுழி அடைத்துக்கொண்டு வெறும் கட்டியாக நிற்கும். பத்தடி தள்ளி நின்றால் திவுத்திடல் என்றுதான் கண்ணுக்குப் படும். டீக்கடைக்கு போர்டு செய்கிறவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் டிக்கும் டீக்கும் இதே கதைதான்.

அடுத்தது ராயபுரம். ர எழுத்துக்கு அடியில் சாய்ந்த வெட்டு ஒன்று உண்டு, துணைக்காலுக்கு அது கிடையாது. மூலைகளை உருட்டி வரைகிற ஃபான்டுகளில் அந்த வெட்டு கரைந்துபோகும். அப்போது 'ரா' என்பது இரண்டு துணைக்கால்கள் வரிசையில் நிற்பதுபோல் தெரியும். ராஜா, தாரா, சாரதா என்று பெயர் வைத்த கடைக்காரர் வந்தால் நான் இதைப் பார்க்காமல் ஃபான்ட் பெயரையே சொல்ல மாட்டேன்.

மண்ணடிக்கு மூன்று சுழி. ண எழுத்தில் மூன்றாவது சுழி ஒழுங்காகத் தெரியவில்லை என்றால் மன்னடி ஆகிவிடும். எழும்பூரில் ழுவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ழகரத்தின் வாலும் உகரத்தின் வளைவும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். நல்ல ஃபான்ட் வரைந்தவர் அங்கே கோட்டை மெலிதாக்கி வழி விட்டிருப்பார், அவசரத்தில் வரைந்தது என்றால் அந்த இடம் மையாக அப்பியிருக்கும். கொளத்தூரில் கொம்பு, க, துணைக்கால், ள என்று நான்கும் ஒட்டி நின்றால் கண் கௌ என்று படிக்கப் பார்க்கும். ஈக்காட்டுத்தாங்கலை வைத்து நீளத்தைச் சோதிக்கலாம். அது பத்தடி போர்டில் அடங்கினால் உங்கள் கடைப் பெயரும் அடங்கும்.

இந்தப் பெயர்களைக் கருப்பில், வெள்ளை ஏ4 தாளில் அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். வண்ணம், நிழல் எதுவும் வேண்டாம். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்புறம் டீ கொண்டுவருகிற அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பெயர் தெரியும் என்பதால் நம் கண் தப்பை மன்னித்துவிடும். அவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்த எழுத்து தேறவில்லை என்று அர்த்தம்.

பேட்டைப் பெயர்களில் கிடைக்காத சிலவற்றையும் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ, ஃ, அப்புறம் ₹. கோணங்கி ஃபான்டுகளில் முதலில் விடுபடுவது இவைதான். ஃபான்டில் ஒரு எழுத்து இல்லையென்றால் கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் வேறு ஃபான்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். 'ஜூஸ்' என்பதில் ஸ் மட்டும் ஒல்லியாக, வேறு சாயலில் நிற்பதைப் பல போர்டுகளில் பார்க்கலாம். ₹ குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010-இல்தான், அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அதற்கு முன்னால் செய்த ஃபான்டில் அந்தக் குறியைத் தேடுவது வீண். விலைப்பட்டியலுக்கு ரூ. என்றே போட்டுவிடலாம்.

இனி புள்ளி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சின்ன எழுத்துகளுக்குத்தான் தலையில் புள்ளி. தமிழில் சராசரியான ஒரு வரியில் நாலைந்து புள்ளி வந்துவிடும். புள்ளிக்குப் பதில் இதயமோ நட்சத்திரமோ பூவோ வைத்த ஃபான்டில் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று அடித்தால் ஐந்து இதயம் மேலே மிதக்கும். குழந்தை பிறந்தநாள் பேனருக்கு அது சரி, கொண்டாட்டம்தான். கடைப் பெயருக்கு வேண்டாம். பக்கத்தில் நின்றால் இதயம், சாலையைத் தாண்டினால் சிவப்புத் திட்டு. புள்ளியின் அளவையும் கவனியுங்கள். எழுத்தின் கோடு எவ்வளவு தடிமனோ, புள்ளியும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சின்னப் புள்ளி தூரத்தில் காணாமல் போய் 'கல்' என்பது 'கல' ஆகும். ஓலை கிழிந்துவிடும் என்று ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஒரு தள்ளுவண்டி போர்டை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். எழுத வேண்டியது: பனங்கற்கண்டு பால். மொத்தம் பத்து எழுத்து, அதில் நான்குக்குப் புள்ளி. வண்டிக்காரர் கேட்டது குண்டான, கொழுகொழு எழுத்து. முழுவதையும் ஒரே குண்டெழுத்தில் ஒரே வரியில் அடித்தால் என்ன ஆகிறது? முதல் சொல்லில் ன, ங், ற், ண், டு என்று சுழியும் மடிப்புமான எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. குண்டெழுத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை இடம் குறைவு என்பதால் சொல் முழுவதும் ஒரே கருப்பாகத் தெரியும். இரண்டாவது சொல் 'பால்' அதற்கு நேர்மாறு. ப திறந்த கிண்ணம், துணைக்கால் வெறும் வளைவு, ல் அகலமானது. குண்டெழுத்துக்கென்றே பிறந்த சொல்.

அதனால் 'பால்' மட்டும் குண்டெழுத்தில், போர்டின் முக்கால் உயரத்துக்கு. மேலே ஒரே வரியாக 'பனங்கற்கண்டு', முக்த மலர் போன்ற சாதாரண ஃபான்டில், போல்டாக. ராத்திரி பைக்கில் போகிறவர் கண்ணில் முதலில் 'பால்' படும். வண்டியை ஓரம் கட்டும்போது 'பனங்கற்கண்டு' படிப்பார். கோணங்கி எழுத்தைப் போர்டு முழுக்க அப்பாமல், அதைத் தாங்குகிற சொல்லைத் தேடி அதற்கு மட்டும் கொடுங்கள்.

எந்த ஃபான்ட் எடுப்பது என்று கேட்பீர்கள். காசு கொடுக்காமல் தொடங்க கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவையே போதும். ஏக் டைப் குழுவின் பலூ தம்பி தடிமனாக, மூலை மழுங்கி, சிரித்த முகமாக இருக்கும். குழந்தைகள் துணிக்கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் எதற்கும் போகும். காய்னி அதைவிடக் குண்டு, ஒரே தடிமன்தான் கிடைக்கும், இரண்டு சொல்லுக்கு மேல் போடாதீர்கள். அரிமா மதுரை வளைவும் மென்மையுமாக இருக்கும், தடிமன் பலவிதம் உண்டு. பியூட்டி பார்லருக்கும் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கும் நான் அதை எடுப்பேன். தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் சாய்ந்த கையெழுத்து பாணி, மெனு கார்டில் ஒரு வரி எழுத நன்றாக இருக்கும், உயரமான போர்டுக்குத் தாங்காது. இவை எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவதால் கடைப் பெயருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேறு எங்காவது இலவசமாகக் கிடைத்தது என்றால் கூடவே வரும் உரிமக் குறிப்பைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வியாபாரத்துக்கு வாங்கத்தான் வேண்டும்.

பெயர் நீளம், இடம் பத்தவில்லை என்றால் பலர் செய்வது, மவுஸால் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குவது. நிற்கிற கோடுகள் மெலிந்து, படுக்கிற கோடுகள் அப்படியே இருக்கும், பார்க்கச் சகிக்காது. அதற்குப் பதில் அகலத்தையே மாற்றிக்கொள்ள வசதியுள்ள ஃபான்ட் எடுங்கள். 2022-இல் வந்த அனெக் தமிழ் அப்படிப்பட்டது, ஒடுக்கமானதிலிருந்து விரிந்தது வரை அதிலேயே இருக்கிறது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது இன்னொரு வியாதி. ஆங்கிலப் பெரிய எழுத்தை இடம் விட்டு வைத்தால் பணக்காரத் தோற்றம் வரும். அதைப் பார்த்துத் தமிழிலும் செய்தால், முக்கியமாகப் பழைய ஃபான்டுகளில், 'கோ' மூன்று துண்டாகி, கொம்பு முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழாக எழுதுகிற போர்டிலும் இதே கவனம் வேண்டும். 'தோசை' என்றால் தோ ஒரு வரி, சை ஒரு வரி. கொம்பைத் தனியாக ஒரு மாடியில் குடிவைத்த போர்டுகள் ஊரில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கடை போர்டில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற விகிதம்தான் விதி. ஆகவே ஆங்கிலத்தில் லோகோ செய்து முடித்துவிட்டுத் தமிழை அதன் காலடியில் ஒட்டுகிற வழக்கத்தை விடுங்கள். தமிழில் முதலில் ஃபான்ட் முடிவு செய்யுங்கள், ஆங்கிலத்தை அதற்கு இணையாகத் தேடுங்கள். பலூ, காய்னி, அரிமா எல்லாவற்றிலும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும் என்பதால் பாதி வேலை மிச்சம். இரண்டு மொழியையும் ஒரே வரியில் போடாதீர்கள். கோணங்கி ஃபான்டில் ப, ஆங்கில யூ மாதிரியும், ட, எல் மாதிரியும் ஆகிவிடும். 'பட்டு' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு கணம் எந்த மொழி என்றே தெரியாது.

மயிலாப்பூர் பக்கம் காபிக்கடை, மெஸ் திறக்கிறவர்கள் இப்போது கேட்பது பழைய காலத்து எழுத்து. யானைத் தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை; வளைந்து சுருண்ட ணா, றா, னா. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அச்சில் பெரும்பாலும் இவைதான் இருந்தன. போர்டில் ஒன்றிரண்டு வந்தால் அருமையாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் இவற்றுக்குத் தனி இடம் இல்லை, பழைய வடிவம் ஃபான்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஃபான்டை மாற்றினால் தும்பிக்கை போய்விடும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ணாவும் றாவும் பிடிபடாது என்பதையும் மனதில் வையுங்கள். தும்பிக்கை லை என்றால் ஊகித்துவிடுவார்கள்.

போடக்கூடாத இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மருந்துச் சீட்டு, முகவரி, போன் நம்பர், பத்திரிகையில் முகூர்த்த நேரம், எச்சரிக்கைப் பலகை. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய விலை உயர்ந்த கார்டில் மண்டபத்து முகவரியைச் சுருள் எழுத்தில் அடித்து, சொந்தக்காரர்கள் போன் போட்டு வழி கேட்கிற கல்யாணங்கள் நிறைய. மணமக்கள் பெயர் சுருளட்டும், மற்றதெல்லாம் நேராக நிற்கட்டும். அலங்கார எழுத்துக்கு மேல் அவுட்லைன், நிழல், தங்க கிரேடியன்ட் கேட்பவர்களிடம் நான் ஒன்றுக்குத்தான் ஒத்துக்கொள்வேன். ஏற்கெனவே ஒட்டியாணம் கட்டி நிற்கிற எழுத்துக்கு மேல் மூன்று ஆரம் மாட்டினால் முகம் தெரியாது.

அளவுக்கு போர்டுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து. அறுபதடி அகலச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க ஆறு அங்குலம். கோணங்கி எழுத்து என்றால் நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். க, ப, ம போன்ற எழுத்தின் உடம்பை அளந்து சொல்கிறேன். கூவின் காலிலிருந்து கீயின் தலைவரை அளந்து ஆறு அங்குலம் என்று கணக்குக் காட்டினால் உடம்பு மூன்று அங்குலம்தான் தேறும்.

எந்தப் பொருளில் செய்யப் போகிறீர்கள் என்பதும் ஃபான்டை முடிவு செய்யும். கட்டிங் ஸ்டிக்கர் என்றால் மெல்லிய வால் உள்ள ஃபான்ட் வேண்டாம். சென்னை வெயிலுக்கு அந்த வால்தான் முதலில் உரிந்து சுருளும். ஆட்டோ பின்கண்ணாடி ஸ்டிக்கரில் எந்தக் கோடும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வேன். ஃபைலை மெஷினுக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்டு கொடுங்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள். தமிழில் உகரக் காலும் இகர வளைவும் மெய்யெழுத்தின் மேல் ஏறி நிற்பவை. வெல்டு கொடுக்காவிட்டால் பிளேடு அந்த இடத்தில் குறுக்கே வெட்டிவிடும். அக்ரிலிக், எல்இடி எழுத்து என்றால் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, தனி வயர். இரண்டு வருஷம் கழித்து ஒரு புள்ளி அணைந்தாலும் பெயர் மாறும். ஸ்டென்சில் வெட்டுவதானால் சுழிக்குள் இருக்கிற துண்டு உதிர்ந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் பாலம் விட வேண்டும். ண வந்தால் மூன்று பாலம்.

கடைசியாகக் கம்ப்யூட்டர் வேலை. கடைகளில் புழங்குகிற பழைய டிசைன் ஃபான்டுகள் பல யூனிகோடுக்கு முந்தியவை. ஆங்கில எழுத்துகளோ வேறு குறிகளோ இருக்கிற இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். எதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் பாமினி ஒரு வகை, டேம், டேப் வேறு வகை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய வரியை அப்படியே ஒட்டினால் அந்த ஃபான்ட் ஏற்காது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் அந்த ஃபான்டின் வகைக்கு மாற்றி எடுத்து ஒட்டுங்கள். ஒட்டியபின் ஸ்ரீ, ஔ, மேற்கோள் குறி, எண்கள் நான்கையும் சரி பாருங்கள், மாற்றத்தில் கெடுவது இவைதான். யூனிகோடு ஃபான்டை இல்லஸ்ட்ரேட்டரில் போடும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் ஃபான்ட்மேல் குற்றமில்லை. பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

வேறு அச்சகத்துக்கு அனுப்புவதானால் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அவர்களிடம் உங்கள் ஃபான்ட் இருக்காது. மாற்றுவதற்கு முன் எழுத்தாக இருக்கிற கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்து எழுத்தாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, தாளில் கையெழுத்து வாங்குங்கள். கோணங்கி ஃபான்டில் ஜுவுக்கும் ஜூவுக்கும் வித்தியாசம் நூலளவுதான். அதை அவர் பார்ப்பது கடையில் என்றால் ஒரு விசை தட்டினால் தீர்ந்தது. ஃபிளெக்ஸ் அடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கிரேன்காரர் மேலே ஏற்றியபிறகு பார்த்தால் அந்த ஒரு சுழிக்குப் பத்தடி போர்டையும் இறக்கி மறுபடி அடிக்க வேண்டிவரும்.